ஊர்ப் பிரச்சனைய பேப்பர்ல கொண்டு வர்றது எப்படி? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்களுக்கு

எலெக்ஷன் வந்தா போதும், பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு கழுதை முதுகுல வோட்டு மெஷின் ஏத்திட்டு போற போட்டோ எல்லா பேப்பர்லயும் வந்துடும், டெல்லி சேனல் வரைக்கும் ஓடும், 2024லயும் ஓடுச்சு. போட்டோவ நான் குறை சொல்லல. ஆனா மெஷின் ஏற ரோடு இல்லன்னா மாசமா இருக்கற பொண்ணு இறங்கி வரவும் ரோடு இல்லன்னுதான அர்த்தம், அது மட்டும் மீதி நாளெல்லாம் நியூஸ் ஆகறதில்ல. ஏன்னா எலெக்ஷன் அன்னிக்கு நிருபரை கூட்டிட்டுப் போக கவர்மென்ட்டே இருக்கு, மத்த நாள்ல சொல்றதுக்கு ஆள் இல்ல. அந்த ஆளா நீங்க எப்படி ஆகறதுன்னுதான் இத எழுதறேன்.

ஜனநாயகத்தோட நாலாவது தூண் பத்திரிகைன்னு ஸ்கூல்ல எழுதி மார்க் வாங்கியாச்சு. பாலக்கோட்டுலயோ தேன்கனிக்கோட்டையிலயோ அந்த தூண் எப்படி வேல செய்யுதுன்னா ரொம்ப சிம்பிள். காலையில கலெக்டர் ஆபிஸ்ல பிஆர்ஓ, அதான் மக்கள் தொடர்பு செக்ஷன், பேப்பர் கட்டிங் எடுத்து மேல வைப்பாங்க, அதுல நம்ம ஊரு பேரு இருந்தா பிடிஓவுக்கு, அதான் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, போன் போகும், பிடிஓ ஊராட்சி செயலரை கூப்பிடுவாரு, செயலர் டேங்க் ஆபரேட்டரை திட்டுவாரு, அதுவரைக்கும் மூணு மாசமா தூங்கிட்டு இருந்த பைல் எழுந்து உக்காரும். பைலை எழுப்பறதோட பேப்பர் வேல முடிஞ்சுது, எழுந்த பைலை மறுபடி படுக்க விடாம பாத்துக்கறது நம்ம வேல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு "பேப்பர்ல போட்டும் ஒன்னும் நடக்கலியே"ன்னு சலிச்சுக்கறவங்கதான் அதிகம்.

இன்னொன்னு, நிருபருக்குன்னு தனியா ஒரு பெரிய அதிகாரம் இருக்கு நமக்கு இல்லன்னு நினைக்காதீங்க. அவருக்கும் உங்களுக்கும் ஒரே சட்டம்தான், அரசியலமைப்புல 19(1)(அ), பேச்சுரிமை கருத்துரிமை. 1950ல மெட்ராஸ் அரசாங்கம் கிராஸ்ரோட்ஸ்ங்கற பத்திரிகைய மாகாணத்துக்குள்ள வரக்கூடாதுன்னு தடை போட்டப்ப, சுப்ரீம் கோர்ட்டு அந்த உரிமைய வச்சுத்தான் தடைய உடைச்சுது, ரொமேஷ் தாப்பர் கேஸ்னு சொல்வாங்க. அதனால கைய கட்டிக்கிட்டு நிக்க வேணாம், நிருபருக்கு தகவல் குடுக்கறது உதவி கேக்கறது கிடையாது.

எது நியூஸ், எது நியூஸ் இல்ல

"எங்க தெருவுக்கு தண்ணி வரல" — இது நியூஸ் இல்லங்க, இந்த மாவட்டத்துல இது தினமும் நாலு ஊர்ல நடக்குது, நிருபர் கொட்டாவி விடுவாரு. "எங்க தெருவுல 40 வீட்டுக்கும் குழாய் குடுத்தாச்சுன்னு கவர்மென்ட் கணக்கு சொல்லுது, குழாயில காத்துதான் வருது" — இது நியூஸ். கணக்குல ஒன்னு, நேர்ல ஒன்னு, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் செய்தி. ரோடோ ரேஷனோ நூறு நாள் வேலையோ, எதுவா இருந்தாலும் மொதல்ல அந்த இடைவெளிய தேடுங்க.

தண்ணியவே எடுத்துக்கலாம், நம்ம மண்ணுல அதவிட பெரிய விஷயம் இல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணியில புளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா குடிக்க லாயக்கில்ல, வருஷக்கணக்கா குடிச்சா பல்லு கறை பிடிக்கும் எலும்பு வளையும்னு நம்ம தாத்தா பாட்டிய பாத்தே தெரியும். அதுக்குத்தான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்துச்சு, 2008ல அடிக்கல், 2013ல தொறந்தாங்க, செலவு 1,900 கோடிக்கு மேல. அதுக்கப்புறம் 2019ல ஜல் ஜீவன் மிஷன்னு மத்திய அரசு திட்டம், கிராமத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு. இந்த 55 உங்க கையில இருக்கற அளவுகோல். அஞ்சு பேர் வீடுன்னா 275 லிட்டர் வரணும், அதாவது சுமாரா 18 குடம், பதினஞ்சு லிட்டர் குடமா இருந்தா. எத்தன குடம் வருதுன்னு ஒரு வாரம் நோட்டுல எழுதி வைங்க, எந்த வீடு, எந்த தேதி, எத்தன மணிக்கு வந்துச்சு, எத்தன குடம். எழுதறது யாராவது பிளஸ் டூ படிக்கற பொண்ணா இருந்தா நல்லது, நம்ம ஆளுங்க "டெய்லி ரெண்டு குடம் போடுமா"ன்னு ஒரே நாள்ல ஏழு நாளைக்கும் எழுதிருவாங்க.

அப்புறம் ஜல் ஜீவன் வெப்சைட்ல டேஷ்போர்டு இருக்கு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சின்னு தட்டிக்கிட்டே போனா உங்க கிராமத்துல எத்தன வீடு, எத்தன வீட்டுக்கு குழாய் குடுத்தாச்சுன்னு வரும். அத ஸ்கிரீன்ஷாட் எடுங்க, தேதி தெரியற மாதிரி. நூறு நாள் வேலைக்கும் அதே மாதிரி வெப்சைட்ல யாருக்கு எத்தன நாள் போட்டிருக்குன்னு பாக்கலாம். வேலை நடக்கற இடத்துல வைக்கற திட்ட போர்டையும் விடாதீங்க, மதிப்பீடு எவ்ளோ, எந்த வருஷம்னு அதுல எழுதியிருக்கும், சில ஊர்ல போர்டு மட்டும்தான் இருக்கும் வேலை இருக்காது, அத போட்டோ எடுத்தாலே பாதி செய்தி ரெடி.

கையில பேப்பர் இல்லாம நிருபர்கிட்ட போகாதீங்க

நிருபர் கேக்கற மொத கேள்வி "மனு குடுத்தீங்களா?"ன்னுதான் இருக்கும். குடுக்கலன்னா அதிகாரி "எங்க கவனத்துக்கே வரல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாரு, செய்தி செத்துப் போச்சு. அதனால திங்கக்கிழமை கலெக்டர் ஆபிஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு போடுங்க, ரசீது வாங்குங்க, நேர்ல போக முடியாதவங்க முதலமைச்சர் உதவி எண் 1100க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்குங்க. கிராம சபைய விடவே கூடாது, வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்க வாயால பேசினா காத்துல போயிரும், எழுதிக் குடுத்து தீர்மான நோட்டுல ஏறின அப்புறம்தான் கையெழுத்து போடணும். கூட்டம் ஆரம்பிக்கும்போதே "கையெழுத்து போடு கையெழுத்து போடு"ன்னு நோட்ட நீட்டுவாங்க, பொறுமையா இருங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரியில முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போச்சு, அந்த மாதிரி நேரத்துல வீட்டு வாசல்ல போய் கேக்க ஆள் இல்ல, அதனால இந்த எழுத்து வேலைக்கு இன்னும் மதிப்பு ஜாஸ்தி.

கணக்கு வெப்சைட்ல கிடைக்கலன்னா ஆர்டிஐ, அதான் தகவல் உரிமைச் சட்டம். 2005 சட்டம், 10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி ஒன்றிய ஆபிஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு பதிவுத்தபால்ல அனுப்புங்க, 30 நாள்ல பதில் வரணும். தப்பான ஆபிஸுக்கு போட்டாலும் பயமில்ல, அஞ்சு நாளுக்குள்ள சரியான ஆபிஸுக்கு அவங்களே மாத்தி அனுப்பணும்னு சட்டம் சொல்லுது. எதுக்கு கேக்கறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல, கேட்டா சொல்லாதீங்க. "ஏன் தண்ணி விடல?"ன்னு கேள்வி கேக்காதீங்க, அதுக்கு பதில் தர வேண்டிய கட்டாயம் அவங்களுக்கு கிடையாது. "இந்த நிதியாண்டுல இந்த ஊராட்சியில குடிநீர் பராமரிப்புக்கு செலவு பண்ண தொகை, பில் நகல், எம் புக் நகல் வேணும்"னு பேப்பரை கேளுங்க. எம் புக்னா வேலைய அளந்து எழுதற அளவுப் புத்தகம், அதுல எத்தன மீட்டர் பைப்பு போட்டதா எழுதியிருக்குன்னு பாத்துட்டு டேப்பு எடுத்துட்டுப் போய் நீங்களும் அளந்தா மீதிய நான் சொல்லத் தேவையில்ல. பதில் வரலன்னா 30 நாள்ல மேல்முறையீடு, அதுக்கும் வரலன்னா 90 நாளுக்குள்ள சென்னையில தகவல் ஆணையம்.

நிருபருக்கு என்ன அனுப்பணும்

நம்ம பக்கத்து நிருபருங்க நிறைய பேருக்கு மாச சம்பளம்னு ஒன்னு பெருசா கிடையாது, செய்திக்கு இவ்ளோன்னு கொஞ்சம் வரும், பொங்கல் தீபாவளிக்கு விளம்பரம் புடிச்சா கமிஷன் வரும். ஒரு நாளைக்கு பென்னாகரத்துக்கும் ஏரியூருக்கும் நடுவுல பைக்ல ஓடிட்டு இருக்கற மனுஷன்கிட்ட அஞ்சு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா கேக்க மாட்டாரு. எழுதி அனுப்புங்க, ஒரு மூச்சுல படிக்கற மாதிரி. மாதிரிக்கு ஒன்னு:

"அண்ணா வணக்கம். பாலக்கோடு ஒன்றியம், இன்ன ஊராட்சி, இன்ன தெரு. வீடு 40. ஜல் ஜீவன் கணக்குல எல்லா வீட்டுக்கும் குழாய் குடுத்ததா இருக்கு, ஸ்கிரீன்ஷாட் வச்சிருக்கேன். டிசம்பர் 10லிருந்து ஒகேனக்கல் தண்ணி வரல, போர் தண்ணிதான் குடிக்கறோம். ஜனவரி 26 கிராம சபையில தீர்மானம் ஏறியிருக்கு, பிப்ரவரி 9 கலெக்டர் ஆபிஸ்ல மனு குடுத்த ரசீது இருக்கு. டேங்க் ஆபரேட்டர் மெயின் லைன்ல வால்வு ரிப்பேர்னு சொல்றாரு, பிடிஓ ஆபிஸ்ல இன்னும் பேசல. காலையில 7 மணிக்குள்ள வந்தா குடத்தோட நிக்கறத நேர்ல பாக்கலாம், மூணு பேர் பேர் போட்டு பேச ரெடி."

இதுல ஆபரேட்டர் சொன்னதையும் சேத்து எழுதினத கவனிங்க. எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னு நாமளே சொல்லிட்டா நிருபருக்கு நம்ம மேல நம்பிக்கை வரும், பேப்பர் ஆபிஸ் டெஸ்க்ல செய்திய திருத்தறவரு "அதிகாரி தரப்பு எங்க?"ன்னு கேட்டு திருப்பி அனுப்பறதும் குறையும். அவங்களும் ஆளு கம்மியா வச்சுட்டு சேலத்துல உக்காந்து ராத்திரிக்குள்ள பக்கம் முடிக்கணும்.

போட்டோவுக்கு ஒரு விஷயம் சொல்றேன். காலிக்குடத்த வரிசையா வச்சு பொம்பளைங்கள பின்னாடி நிக்க வச்சு எடுக்கற போட்டோ ஆயிரம் வந்தாச்சு. அதவிட ஓவர்ஹெட் டேங்க்ல பெயிண்ட்ல எழுதியிருக்கும் பாருங்க, திட்டம் பேரு, வருஷம், கொள்ளளவு, அந்த எழுத்து தெளிவா தெரிய, அதே பிரேம்ல கீழ துருப்புடிச்ச குழாயும் வர்ற மாதிரி குனிஞ்சு எடுங்க. போன படுக்க வச்சு எடுங்க, நிமித்தி எடுத்தா பேப்பர்ல வெட்டிருவாங்க. வாட்ஸப்ல அனுப்பும்போது டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லன்னா குவாலிட்டி போயிரும்.

ஒரே நிருபரை நம்பி இருக்காதீங்க. உங்க ஊரு கான்ட்ராக்டர்தான் அவருக்கு பொங்கல் விளம்பரம் குடுக்கறவரா இருந்தா அவரால எழுத முடியாது, அவர் மேல கோவப்பட்டும் பிரயோஜனம் இல்ல, பேப்பர்களே கவர்மென்ட் விளம்பரத்தையும் டெண்டர் நோட்டீஸையும் நம்பித்தான் ஓடுது. ரெண்டு மூணு பேப்பருக்கு ஒரே நேரத்துல அனுப்புங்க, அனுப்பினத மறைக்காம எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. காசு கேட்டா அதோட விட்டுருங்க. கார்ல ப்ரெஸ்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்து "மேட்டர் பெருசு, செலவாகும்"னு பேசற ஆளுங்க ஓசூர், தர்மபுரி ரெண்டு பக்கமும் சுத்தறாங்க, உங்ககிட்ட வாங்கிட்டு அந்தப் பக்கம் கான்ட்ராக்டர்கிட்டயும் வாங்குவாங்க. எந்த பத்திரிகைன்னு கேளுங்க, பேப்பர்னா பிரஸ் ரிஜிஸ்ட்ரார் ஜெனரல்கிட்ட பதிவு பண்ணியிருக்கணும், அந்த வெப்சைட்ல பேரு தேடிப் பாருங்க.

எதையெல்லாம் எழுதக்கூடாது

"தலைவர் காசு அடிச்சுட்டாரு"ன்னு எழுதாதீங்க. உண்மையாவே அடிச்சிருந்தாலும் எழுதாதீங்க. புது குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்ல 356வது பிரிவு, அவதூறு கேஸு, பழைய ஐபிசி 499, 500தான் இப்ப இந்த நம்பர்ல இருக்கு. உண்மை, அதுவும் பொது நன்மைக்காக சொன்னதுன்னா விலக்கு இருக்கு, ஆனா அத நிரூபிக்க கோர்ட்டுக்கு அலையறது நீங்கதான். "300 மீட்டர் பைப்பு போட்டதா அளவுப் புத்தகத்துல இருக்கு, நாங்க அளந்தப்ப 110 மீட்டர்தான் இருந்துச்சு" அவ்ளோதான் எழுதணும், படிக்கறவனுக்கு மீதி தானா புரியும்.

அஞ்செட்டி, தளி மலைப்பக்கம் குழந்தை கல்யாணம் நடக்குதுன்னு தெரிஞ்சா மொதல்ல குழந்தைகள் உதவி எண் 1098, அப்புறம்தான் எல்லாம். அந்தப் பொண்ணு பேரு, போட்டோ, படிக்கற ஸ்கூல், அப்பா பேரு எதையும் நிருபருக்கும் குடுக்காதீங்க குரூப்லயும் போடாதீங்க, சட்டப்படி குத்தம், போக்சோ, அதான் குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம், அந்த கேஸ்ல அடையாளத்த வெளியிட்டா உங்க மேல கேஸ். "காப்பாத்தணும்னுதான் வீடியோ போட்டேன்"னு சொல்றது ஸ்டேஷன்ல எடுபடாது. ஜாதிப் பிரச்சனைன்னா இன்னும் ஜாக்கிரதை. பேட்டி குடுத்துட்டு அந்த ஊர்லயேதான் அவங்க நாளைக்கு டீக்கடைக்கு போகணும், பேரு வேணாம்னா வேணாம்னு நிருபர்கிட்ட மொதல்லயே தெளிவா சொல்லிருங்க, பேசி முடிச்ச அப்புறம் சொன்னா லேட்டு.

பார்வேர்டு விஷயம் தனியா ஒரு கட்டுரைக்கு வரும், சுருக்கமா சொல்றேன். 2018ல புள்ள புடிக்கறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸப்ல கிளம்பின புரளியில பக்கத்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மாவ ஊரே சேந்து அடிச்சுக் கொன்னுச்சு, குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்ததுதான் அந்தம்மா பண்ண தப்பு. அந்த வருஷம்தான் வாட்ஸப்ல ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல பார்வேர்டு பண்ண முடியாதுன்னு இந்தியாவுக்கு கொண்டு வந்தாங்க. 2023 மார்ச்ல வடக்கத்தி தொழிலாளிங்கள தமிழ்நாட்டுல வெட்டறாங்கன்னு பொய் வீடியோ ஓடுச்சு, ஓசூர் கம்பெனிகள்ல வேல பாக்கற எத்தன பையங்க பயந்துட்டு ரயில் ஏறப் பாத்தாங்க. அதனால ஊர் குரூப்ல வந்த வீடியோவ நிருபருக்கு தள்ளி விடாதீங்க. எங்க எடுத்தது, எப்ப எடுத்தது, யாரு எடுத்ததுன்னு எடுத்த ஆள்கிட்டயே கேட்டு தெரிஞ்சா மட்டும் அனுப்புங்க. வீடியோவுல பஸ் போச்சுன்னா நம்பரையும் போர்டையும் பாருங்க, கடைப் பலகையில என்ன மொழின்னு பாருங்க, பாதி புரளி அங்கேயே மாட்டும்.

செய்தி வந்த அடுத்த நாள்

செய்தி வந்ததும் ஸ்டேட்டஸ் வச்சுட்டு எல்லாரும் ஓஞ்சு போயிடறாங்க. அன்னிக்கேதான் வேல ஆரம்பிக்குது. கட்டிங்க தேதியோட, பக்க நம்பரோட எடுத்து, பழைய மனு ரசீதோட சேத்து அடுத்த திங்கக்கிழமை மறுபடி மனுவா போடுங்க. பிளம்பர் வந்து வால்வ மாத்தி தண்ணி வந்துருச்சா, நிருபருக்கு போட்டோவோட சொல்லுங்க, "செய்தி எதிரொலி"ன்னு சின்னதா போடுவாரு, அது அவருக்கும் ஆபிஸ்ல மரியாதை. ரெண்டு வாரத்துல திரும்ப நின்னு போச்சா, அதையும் அதே அளவு அக்கறையோட சொல்லுங்க.

எவ்ளோ நாள் விடாம புடிச்சுக்கணும்னு கேட்டா, அரூர் பக்கத்து வாச்சாத்திய நினைச்சுக்கோங்க. 1992 ஜூன் 20, சந்தனமரம் தேடப் போறோம்னு வனத்துறை, போலீஸ், ரெவின்யூ எல்லாம் சேந்து மலையாளி பழங்குடி ஊருக்குள்ள புகுந்து பண்ண அக்கிரமம், 18 பொண்ணுங்கள பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. மேலதிகாரிங்க சொன்ன கதை கடத்தல்காரங்கள புடிக்கப் போனோம்ங்கறது, அந்தக் கதையோட நின்னிருந்தா இன்னிக்கு வாச்சாத்தின்னா யாருக்கும் தெரியாது. ஊரு சனமும் மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சிக்காரங்களும் விடல, பத்திரிகையில திரும்பத் திரும்ப வந்துச்சு, 1995ல ஐகோர்ட்டு சிபிஐ விசாரணைக்கு விட்டுது, 2011 செப்டம்பர் 29ல தர்மபுரி கோர்ட்டு குத்தம் சாட்டப்பட்ட 269 பேர்ல உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டன குடுத்துச்சு, 2023 செப்டம்பர் 29ல சென்னை ஐகோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. முப்பத்தி ஒரு வருஷம். அதிகாரி குடுக்கற பிரஸ் நோட்ட அப்படியே நம்பக்கூடாதுங்கறதுக்கு நம்ம மாவட்டத்துக்கு வெளிய போய் உதாரணம் தேட வேண்டியதில்ல. உங்க வால்வு ரிப்பேருக்கு அவ்ளோ நாள் ஆகாது, ஆனா ரெண்டு மாசத்துல சலிச்சுக்காதீங்க.

செய்தி தப்பா வந்துட்டா, ஊரு பேரு மாறிப் போறது, நீங்க சொல்லாதத சொன்னதா போடறது, இதெல்லாம் நடக்கும். நிருபரோட சண்டைக்கு போகாம ஆசிரியருக்கு எழுத்துல அனுப்புங்க, எது தப்பு, சரியானது எது, ஆதாரம் என்ன, மூணு வரி போதும், மெயில் அனுப்பினாலும் ஒரு காப்பி பதிவுத்தபால்ல போடுங்க. அவங்க கண்டுக்கலன்னா டெல்லியில பிரஸ் கவுன்சில் இருக்கு, தினசரி, வாரப் பத்திரிகைன்னா செய்தி வந்த ரெண்டு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும், ஆசிரியருக்கு எழுதின காப்பிய கட்டாயம் கேப்பாங்க. அபராதம் போடற அதிகாரம் அவங்களுக்கு இல்ல, கண்டிக்கத்தான் முடியும், ஆனா பேப்பர்காரங்களுக்கு அதுவும் உறுத்தும். டிவி சேனலா இருந்தாலும் நியூஸ் வெப்சைட்டா இருந்தாலும் அவங்ககிட்ட குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், 15 நாள்ல பதில் சொல்லணும். யூடியூப்ல ஒரு ஆளா மைக்க நீட்டி சேனல் நடத்தறவங்ககிட்ட இதெல்லாம் நடைமுறையில கஷ்டம், அங்க பேட்டி குடுக்கறதுக்கு முன்னாடியே அந்த சேனல்ல பழைய வீடியோ நாலு பாத்துட்டு குடுங்க, தலைப்பு எப்படி வைக்கறாங்கன்னு மட்டும் பாத்தாலே போதும்.